நெஞ்சுச் சளியும் பிள்ளைப் பேறும்



நாள்பட்ட நுரையீரல் நோயும் ஆண்களின் பிள்ளைப் பேறும் என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கிற பொருள். அழைப்பிதழைக் கையில் வாங்கியதும், "நெஞ்சுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவர்களே வெகுகாலம் கேட்காமல் விட்ட கேள்வி. நெஞ்சு மருத்துவரிடம் ஒருவர் வருஷக்கணக்காக இருமிக்கொண்டே போய் வருகிறார். மாத்திரை மாற்றுகிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், கபம் பரிசோதிக்கிறார்கள். "உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்பவர் யார்? அதே மனிதர் மனைவியோடு கருத்தரிப்பு மையத்தில் போய் உட்காருகிறார். "உங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சளி உண்டா? காதில் சீழ் வந்ததுண்டா?" என்று கேட்பவர் யார்? ஒரே உடம்பைத்தான் இரண்டு இடத்துக்கும் கொண்டு போகிறார். ஆனால் இரண்டு இடத்துச் சீட்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு இளைஞரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பிறந்த அன்றே மூச்சுத் திணறல். சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்புறம் மழைக்காலம், வெயில்காலம் என்று பார்க்காமல் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. காதில் சீழ். காலையில் எழுந்ததும் கபத்தோடு இருமல். பாட்டி சொன்னார், "அவனுக்குச் சளி உடம்பு, குளிர்ச்சி ஒத்துக்காது." ஐஸ்கிரீம் மறுக்கப்பட்டது, மழையில் நனைவது மறுக்கப்பட்டது, இருமல் மட்டும் போகவில்லை. இடையில் காசநோய் என்று சந்தேகப்பட்டு ஆறு மாதம் மாத்திரையும் கொடுத்தார்கள். படித்தார், வேலைக்குப் போனார், கல்யாணம் ஆனது. மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை.

இனி நடப்பது உங்களுக்கே தெரியும். யாரைப் பரிசோதிப்பார்கள்? மனைவியை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, அதற்கும் மேலே வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி. அந்தப் பெண் விரதம் இருக்கிறாள், கோயில் கோயிலாகப் போகிறாள், வளைகாப்பு வீடுகளில் பின் வரிசையில் நிற்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், தயங்கித் தயங்கி, கணவர் விந்துப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிறார். மயக்க மருந்து வேண்டாத, ஊசி வேண்டாத, இத்தனை பரிசோதனைகளிலும் செலவு குறைந்த அந்த ஒன்றை முதலில் செய்திருக்க வேண்டும். கடைசியில் செய்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

முடிவு வருகிறது. அணுக்கள் இருக்கின்றன, போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட நகரவில்லை. அந்த நேரத்தில் யாரோ ஒரு மருத்துவர் அவருடைய பழைய மார்பு எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். இதயம் வலப்பக்கம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டோமோ என்று பார்க்கிறார். இல்லை, சரியாகத்தான் பிடித்திருக்கிறார். இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். உள்ளுறுப்புகளே இடம் மாறி இருக்கின்றன.

இருமலும் சைனஸும் ஒரு பக்கம். வலப்பக்க இதயம் ஒரு பக்கம். நகராத விந்தணு ஒரு பக்கம். இந்த மூன்றையும் கட்டுகிற கயிறு எது?

1933இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் மானெஸ் கார்டகெனர் என்ற மருத்துவர், இடம் மாறிய உறுப்புகள், ஓயாத சைனஸ், மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தார். அவர் பெயரிலேயே அந்த நோய் வழங்குகிறது. ஆனால் ஏன் சேர்ந்து வருகின்றன? அவருக்கும் தெரியவில்லை, அவருக்குப் பின் நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. விடை நுரையீரல் ஆய்விலிருந்து வரவில்லை. விந்தணுவிலிருந்து வந்தது!

ஸ்டாக்ஹோமில் பியோர்ன் அஃப்செலியஸ் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கைதேர்ந்தவர். 1950களில் கடல் முள்ளெலி என்ற சின்னக் கடல் உயிரின் விந்தணு வாலை அவர் குறுக்காக வெட்டிப் பார்த்தவர். அந்த வாலுக்குள் நடுவே இரண்டு நுண்குழல்கள், சுற்றிலும் ஒன்பது ஜோடி நுண்குழல்கள், ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கைகள். அந்தக் கைகள்தான் வாலை அசைக்கின்றன. டைனீன் என்ற புரதத்தால் ஆனவை அவை. பிறகு, விந்தணு நகராத நான்கு ஆண்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுடைய விந்தணு வாலில் அந்தக் கைகளைக் காணோம். அந்த நால்வரில் மூவருக்கு அடிக்கடி மார்புச் சளியும் சைனஸும் இருந்தன. அவர்களின் மூச்சுப் பாதையைச் சோதித்தால் சளி மேலே ஏறவே இல்லை. அங்கே இருந்த நுண்மயிர்களை வெட்டிப் பார்த்தால், அங்கேயும் அந்தக் கைகளைக் காணோம். 1976இல் இது வெளியானது.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் முழுப் பேச்சின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. நம் மூக்கிலிருந்து மூச்சுக்குழலின் ஆழம்வரை உட்சுவர் முழுக்க நுண்மயிர்கள். ஒரு செல்லில் 200 போல. காற்றடிக்கும்போது நெல்வயல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலையலையாகச் சாயுமே, அப்படி அவை நொடிக்குப் பத்துத் தடவை போல ஒரே திசையில் சாய்ந்து நிமிர்கின்றன. நாம் உள்ளே இழுத்த தூசி, புகை, கிருமி எல்லாம் சளியில் ஒட்டிக்கொண்டு அந்த அசைவில் தொண்டைக்கு ஏறி வந்துவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்த நுண்மயிருக்குள் இருக்கும் அமைப்பும் விந்தணு வாலுக்குள் இருக்கும் அமைப்பும் ஒன்றே. நடுவில் இரண்டு, சுற்றிலும் ஒன்பது, அதே கைகள். கைகளைச் செய்கிற ஜீன் பழுதானால், சளி ஏறாது, விந்தணு நீந்தாது.

இதயம் ஏன் வலப்பக்கம் போனது? அதற்கும் அஃப்செலியஸ் ஒரு ஊகம் சொன்னார். கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் நுண்மயிர்களின் அசைவுதான் எது இடம், எது வலம் என்று தீர்மானிக்கிறது. அசைவு இல்லாவிட்டால் தற்செயல்தான் தீர்மானிக்கும் என்றார். அதனால்தான் இந்த நுண்மயிர் நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியும், பாதிப் பேருக்குச் சாதாரணமாகவும் இருக்கின்றன. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருவில் அந்த நுண்மயிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுவதையே படமெடுத்துக் காட்டினார்கள். ஒரு மனிதரின் சிந்தனை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து மெய்யானது. என்ன அருமையான அறிவு!

ஆனால் நமக்கு வேண்டிய செய்தி இதில் இன்னொன்று. பாதிப் பேருக்கு இதயம் இடப்பக்கமே இருக்கும் என்றேன். அப்படியானால் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் பாதிப் பேர். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி கேட்டுத்தான். பிறந்தவுடன் மூச்சுத் திணறல் இருந்ததா? வருஷம் முழுக்க மூக்கடைப்பா? காதில் ஓயாத தொல்லையா? இருமல் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால், "எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து" என்கிறாரா? அப்படியானால் மூக்கின் உள்ளே ஒரு சிறு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து நுண்மயிரைச் சோதிக்கலாம், ஜீன் பரிசோதனையும் செய்யலாம். இந்த நோய்க்குக் காரணமான ஜீன்கள் ஒன்றிரண்டல்ல, 50க்கும் மேற்பட்டவை தெரிந்திருக்கின்றன. எது பழுது என்பதைப் பொறுத்து, சில ஆண்களுக்கு விந்தணு நன்றாக நீந்துவதும் உண்டு. ஆகவே நோயின் பெயரைக் கேட்டவுடனே "உனக்குப் பிள்ளை இல்லை" என்று யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

நீந்தாதவர்களுக்கு? நகராத விந்தணு செத்த விந்தணு அல்ல. இதை நான் இரண்டு தடவை சொல்ல விரும்புகிறேன். நகராத விந்தணு செத்த விந்தணு அல்ல. உப்புச் செறிவு குறைந்த ஒரு திரவத்தில் அதைப் போட்டால், உயிருள்ள அணுவின் வால் சுருண்டுகொள்ளும். செத்ததன் வால் அப்படியே கிடக்கும். சுருண்டதைப் பொறுக்கி எடுத்து, ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்துகிறார்கள். கருத்தரிப்பு மையங்களில் இக்சி என்று சொல்கிறார்களே, அதுதான். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியேரோ பலேர்மோவும் அவருடைய சகாக்களும் இந்த முறையில் உண்டான கர்ப்பங்களை 1992இல் உலகுக்கு அறிவித்தார்கள். நீந்த வேண்டிய தூரமே இல்லாமல் போய்விட்டது.

நம் ஊருக்கென்று ஒரு சொல். இந்த நோய் வர, பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஜீனின் பழுதான பிரதி வர வேண்டும். அக்காள் மகளையும், அத்தை மகளையும், மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். இந்த நோயுள்ள ஆண் சொந்தத்திலேயே பெண் எடுத்திருந்தால், இக்சிக்குப் போகும் முன் இருவரும் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

இது நீந்தாத அணுவின் கதை. அணு நன்றாக இருந்தும், வெளியே வரும் வழியே இல்லாத கதை இன்னொன்று.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயை நியூயார்க்கில் டாரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் 1938இல் விரிவாக எழுதினார். சளி பசைபோலக் கெட்டியாகும். நுரையீரலும் கணையமும் அடைபடும். வியர்வையில் உப்பு மிகும். அன்று அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுவரை இருப்பதே அரிது. பிள்ளை பிழைப்பானா என்று தவித்த பெற்றோரிடம், இவனுக்குப் பிள்ளை பிறக்குமா என்று யார் கேட்டிருப்பார்கள்? மருந்துகள் வந்தன, பராமரிப்பு வளர்ந்தது, சிறுவர்கள் ஆண்களானார்கள், கல்யாணம் செய்தார்கள். 1968இல்தான், இந்த ஆண்களுக்குக் குழந்தை பிறக்காததன் காரணத்தை மருத்துவ உலகம் முறையாக எழுதியது. நூறில் 97, 98 பேருக்கு, விரையிலிருந்து விந்தணுவை ஏற்றிச் செல்லும் விந்து நாளம் பிறவியிலேயே இல்லை. விரை வேலை செய்கிறது, அணுக்கள் உண்டாகின்றன, போக வழியில்லை.

காரணமான ஜீனை 1989இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வந்த செய்தி இன்னும் வியப்பானது. நுரையீரலில் ஒரு குறையும் இல்லாத, ஒரு நாளும் இருமாத சில ஆண்களுக்கும் இந்த நாளம் இல்லை. அவர்களைச் சோதித்தால் அதே ஜீனில் லேசான பழுது! கருத்தரிப்பு மருத்துவரின் மேஜையில்தான் அவர்களுடைய ஜீனின் கதை தெரிய வருகிறது.

நாளம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டுமா? வேண்டாம். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தாலே போதும். சணல் கயிறு போல் உருள வேண்டிய நாளம் விரலில் தட்டுப்படாது. விந்தின் அளவு குறைவாக இருக்கும், புளிப்புத் தன்மை இருக்கும், அணு ஒன்றும் இருக்காது. இவ்வளவு எளிதான பரிசோதனையை, கூச்சம் காரணமாக மருத்துவரும் செய்யாமல், நோயாளியும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு விரையிலிருந்தோ அதன் மேலுள்ள சுருள் குழாயிலிருந்தோ அணுவை ஊசியால் எடுத்து இக்சி செய்யலாம். ஆனால் அதற்கு முன் மனைவிக்கு அந்த ஜீன் பரிசோதனை கட்டாயம். அவரும் பழுதைச் சுமந்தால், பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் நோய் வரக்கூடும்.

"இது வெள்ளைக்காரர்களின் நோய், நம் நாட்டில் இல்லை" என்று வெகுகாலம் சொல்லி வந்தோம். இருக்கிறது. தேடாததால் தெரியவில்லை.

பிரிட்டனில் டொனால்ட் யங் என்பவர் 1970இல் சுட்டிக்காட்டிய இன்னொரு கூட்டம் உண்டு. மார்புச் சளி, சைனஸ், விந்து வழி அடைப்பு. ஆனால் நுண்மயிரும் சரி, ஜீனும் சரி. ஏன்? குழந்தைக்குப் பல் முளைக்கும்போது ஈறில் தடவ அந்நாளில் விற்ற பொடிகளில் பாதரசம் இருந்தது. அதுவே காரணமாக இருக்கலாம் என்று லண்டன் ஆய்வாளர்கள் கருதினார்கள். 1950களின் நடுவில் அந்தப் பொடி கைவிடப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இந்த நோய் அரிதாகிவிட்டது. கைக்குழந்தையின் வாயில் எதை வைக்கிறோம் என்பது முப்பது வருடம் கழித்துக் கேள்வியாக வந்து நிற்கலாம்.

இதுவரை சொன்னவை அரிய நோய்கள். நம் தெருவில் இருப்பவை வேறு. முதலில் காசநோய். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம்தான், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்தும் குணமாக்கலாம் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது. அந்தப் பெருமை நம்முடையது. ஆனால் மருந்து முடிந்து, கபம் சுத்தமானதும் அட்டையை மூடிவிடுகிறோம். கிருமி ரத்தத்தின் வழியாக விரைக்கு மேலுள்ள குழாய்க்குப் போய், அங்கே தழும்பு உண்டாக்கி அடைத்துவிடுவது உண்டு. வலியில்லாத ஒரு கட்டியாகத் தொடங்கும். பலர் கவனிப்பதே இல்லை. காசநோய் வந்து போன ஆணுக்கு, ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்றால், அந்தப் பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து சி.ஓ.பி.டி. பீடியும் சிகரெட்டும் தந்த இளைப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையலாம். விருப்பம் குறையும், உடல் ஒத்துழைக்காது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் அந்த ஹார்மோன் இறங்கும். "அப்படியானால் ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரை நிறுத்திவிடுகிறேன்" என்று யாரும் வீட்டுக்குப் போய் நிறுத்திவிடாதீர்கள்! இன்ஹேலர் மருந்து நேரே நெஞ்சுக்குப் போவது. உடம்பில் கலக்கும் அளவு மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நிறுத்த வேண்டியது பீடியை.

ஹார்மோன் குறைவு என்று தெரிந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் ஆண் அதைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி விழுந்துவிடும், பூஜ்யம்வரைகூட. பலம் வருவதாக நினைத்துப் பேற்றை இழக்கிறார்கள். நுரையீரல் தழும்பு நோய் சிலவற்றுக்குக் கொடுக்கிற சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தும் விந்தணுவைக் கெடுக்கும். அதைத் தொடங்கும் முன் விந்தைச் சேமித்து உறைய வைக்க முடியும். மருந்தின் முதல் நாளுக்கு முன்பே அதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. சொல்லாவிட்டால் கேட்க வேண்டியது உங்கள் உரிமை. இன்னொன்று: விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். நெஞ்சுச் சளி முற்றிக் கடும் காய்ச்சல் வந்து போன பிறகு சோதித்தால் எண்ணிக்கை குறைவாகக் காட்டலாம். மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதிக்காமல் மனம் உடைந்து போகாதீர்கள்.

இப்போது ஆண்களிடம் நேராக ஒரு வார்த்தை. விந்து நாளம் இல்லாதவருக்கும், அணு நீந்தாதவருக்கும், ஆண்மைக்கு ஒரு குறைவும் இல்லை. இல்லறம் மற்றவர்களைப் போலத்தான். குழந்தை உண்டாக்குவது ஒன்று, ஆணாக இருப்பது ஒன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் கணவர் பரிசோதனைக்கு வர அஞ்சுகிறார், அந்த அச்சத்தின் கூலியை மனைவி உடம்பால் கொடுக்கிறாள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி, வாழ்நாளில் ஆறில் ஒருவருக்குப் பிள்ளைப் பேறு தடைப்படுகிறது. அதில் ஆணின் பங்கு சிறியதல்ல.

இன்னொரு வார்த்தை பெற்றோர்களிடம். சிறு வயதிலிருந்தே நெஞ்சு நோயோடு வளர்கிற பையனிடம் இதை எப்போது சொல்வது? கல்யாணத்துக்குப் பெண் பார்த்த பிறகா? அப்போது அது பேரிடி. பதினான்கு, பதினைந்து வயதில், அவனுடைய மருத்துவரே, அவனோடு தனியாக உட்கார்ந்து, "தம்பி, உனக்கு இப்படி இருக்கலாம், இதற்கு வழியும் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அவன் அழலாம், கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போகலாம். அடுத்த முறை வரும்போது மறுபடி சொல்ல வேண்டும். பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லும் துணிவு அவனுக்கு அப்படித்தான் வரும்.

நேரம் நெருங்கிவிட்டது. எழுந்து நின்று கேட்க உங்களில் பலருக்குக் கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். வாசலில் மேஜைமேல் காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறார்கள். கேள்வியை எழுதி மடித்துப் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம். தேநீருக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.